‘நிறுத்து’ என்று சொல்லும் உரிமை

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குச் செல்லும் பேருந்தில் 2025 ஜூன் 11 அன்று காலை அமர்ந்திருந்தேன். கல்வராயன் மலையில் என் பழைய மாணவர் ஒருவரின் இல்ல விழா. புறப்படும் நேரம் கடந்தும் பேருந்து நகரவில்லை. ஓட்டுநர் கீழே இறங்கிச் சக்கரத்தின் அருகே குனிந்து பார்த்தார். மீண்டும் ஏறி, காற்றழுத்தம் காட்டும் முள்ளைச் சிறிது நேரம் கவனித்தார். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டார். பிரேக்குக்குச் செல்லும் குழாயில் காற்றுக் கசிவு என்றார் நடத்துநர்.

பேருந்துக்குள் முணுமுணுப்பு எழுந்தது. "இதை நேத்து ராத்திரியே பாக்கக் கூடாதாப்பா?" என்றார் ஒரு பெரியவர். மெதுவாக ஓட்டினால் போய்விடலாமே என்றார் இன்னொருவர். ஓட்டுநர் ஒருமுறை மட்டும் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ஏத்தத்துல எப்படியாவது போயிடலாங்க. இறக்கத்துல என்ன பண்றது?"

அப்போது பக்கத்து இருக்கையில் இருந்த கல்லூரி மாணவர் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அன்று மாலை 5.30 மணிக்கு அமெரிக்காவிலிருந்து புறப்படவிருந்த சுபான்ஷு சுக்லாவின் விண்வெளிப் பயணம் ஒத்திவைக்கப்பட்டிருந்தது. காரணம், ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு. "அங்கேயும் லீக்குதான் சார்" என்றார் அவர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த இரண்டு கசிவுகளும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன என்பது பின்னர் யோசித்தபோதுதான் விளங்கியது.

முதலில் அங்கே நடந்ததைப் பார்ப்போம். ஆக்ஸியம்-4 என்ற அந்தப் பயணத்தில் நால்வர். தலைவர் அமெரிக்காவின் பெக்கி விட்சன். விமானி இந்திய விமானப் படையின் சுபான்ஷு சுக்லா. உடன் போலந்து, ஹங்கேரி நாடுகளைச் சேர்ந்த இருவர். அவர்களைச் சுமந்து செல்லவிருந்த டிராகன் விண்கலம் புத்தம் புதியது. அதற்கு முன் ஒருமுறைகூட விண்ணுக்குச் சென்றதில்லை. ‘கிரேஸ்’ என்ற அதன் பெயரையே பயணிகள் சுற்றுப்பாதையை அடைந்த பிறகுதான் அறிவித்தார்கள். ஆனால் அதைத் தூக்கிச் செல்லும் பால்கன்-9 ராக்கெட்டின் முதல் நிலை ஏற்கெனவே ஒருமுறை பறந்து திரும்பியது.

ஏவுதளத்தில் அந்த ராக்கெட்டின் இன்ஜின்களை 7 விநாடிகள் இயக்கிச் சோதித்தார்கள். அதற்குப் பிந்தைய ஆய்வில், இன்ஜின்கள் இருக்கும் பகுதியில் திரவ ஆக்சிஜன் கசிவது தெரியவந்தது. முந்தைய பறப்பிலேயே தென்பட்ட கசிவு அது. சீரமைப்பின்போது முழுமையாகச் சரிசெய்யப்படவில்லை என்று ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் உயரதிகாரி செய்தியாளர்களிடம் ஒப்புக்கொண்டார். கசிவு தொடர்ந்தாலும் ஆபத்து நேராதபடி அந்தப் பகுதிக்குள் வேறு வாயுவைச் செலுத்தும் ஏற்பாடு ஒன்றையும் அவர் குறிப்பிட்டார்.

ஆக, முன்னே இரண்டு வழிகள் இருந்தன. கசிவோடு சமாளித்துப் போவது ஒன்று. கசிவையே நீக்கிவிட்டுப் போவது மற்றொன்று. இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் தலைமையில் அங்கே இருந்த இந்தியக் குழு இரண்டாவது வழியை வலியுறுத்தியது. கசிவைச் சரிசெய்து, தேவையான சோதனைகளை நடத்திய பிறகே புறப்பாடு என்று முடிவாகியிருப்பதை இஸ்ரோ வெளிப்படையாக அறிவித்தது. ஆக்சிஜன் செல்லும் குழாயில் விரிசல் இருந்தது தெரியவந்ததாகவும், அப்படியே பறந்திருந்தால் பேரழிவாக முடிந்திருக்கும் என்றும் நாராயணன் பின்னர் கூறினார்.

ராக்கெட் சரியான பிறகு சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் இருந்த காற்றுக் கசிவு மேலும் சில நாள்களை எடுத்துக்கொண்டது. முதலில் மே 29 என்று குறிக்கப்பட்ட புறப்பாடு, ஜூன் 8, 10, 11, 19, 22 என்று தள்ளிக்கொண்டே போய், ஜூன் 25 அன்று இந்திய நேரப்படி பகல் 12.01 மணிக்கு நிகழ்ந்தது. அடுத்த நாள் விண்கலம் நிலையத்தோடு இணைந்தது. ஜூலை 15 அன்று நால்வரும் பசிபிக் கடலில் பத்திரமாக இறங்கினார்கள்.

‘நேற்று இரவே பார்க்கக் கூடாதா?’ என்ற அந்தப் பெரியவரின் கேள்வி நியாயமானது. ராக்கெட்டைப் பொறுத்தவரை அதற்கான பதில் இயற்பியலில் இருக்கிறது. ஆக்சிஜன் -183 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான் திரவமாக நிற்கும். பால்கன்-9 ராக்கெட்டில் அதைவிடவும் கூடுதலாகக் குளிர்வித்து நிரப்புகிறார்கள். அந்தக் குளிரில் உலோகம் சுருங்கும். குழாய் இணைப்புகளில் உள்ள அடைப்பு வளையங்கள் விறைத்துப்போகும். பற்றவைத்த இடங்கள் இழுபடும். அறை வெப்பநிலையில் துளிக் கசிவும் காட்டாத இணைப்பு, எரிபொருள் நிரப்பும் நாளில்தான் வாய் திறக்கும். இன்ஜின் ஓடும்போது ஏற்படும் அதிர்வும் அழுத்தமும் இன்னும் சில குறைகளை வெளிக்கொணரும். எனவே ‘கடைசி நேரம்’ என்பது பல வேளைகளில் அலட்சியத்தின் அடையாளம் அன்று; குறை தன்னைக் காட்டிக்கொள்ளும் முதல் நேரமே அதுதான்.

நம் நாட்டின் அனுபவமும் இதையே சொல்கிறது. ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பறப்பு 2001 மார்ச் 28 அன்று நடக்கவிருந்தது. பக்கவாட்டு இன்ஜின்கள் பற்றவைக்கப்பட்டுவிட்டன. நான்கில் ஒன்று போதிய உந்துவிசையைத் தரவில்லை என்பதைக் கண்ட கணினி, ராக்கெட் தரையை விட்டு எழுவதற்கு ஒரு விநாடி முன்பு எல்லாவற்றையும் நிறுத்தியது. நெருப்பும் புகையுமாக நின்ற அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் திட்டம் தோற்றுவிட்டதாகவே நினைத்தார்கள். மூன்றே வாரங்களில், ஏப்ரல் 18 அன்று, பழுது நீக்கப்பட்ட அதே ராக்கெட் பறந்தது.

2013 ஆகஸ்ட் 19 அன்று ஜி.எஸ்.எல்.வி.-டி5 புறப்பட 74 நிமிடங்கள் இருந்தபோது, இரண்டாம் நிலையில் எரிபொருள் கசிவு தெரிந்தது. அதற்கு முன் 2010-இல் மட்டும் இரண்டு ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகள் தோல்வியடைந்திருந்தன, மூன்றாவது தோல்வியைத் திட்டம் தாங்கியிருக்குமா என்பது ஐயமே. ராக்கெட்டை ஏவுதளத்திலிருந்து திரும்பக் கொண்டுசென்றார்கள். எரிபொருள் தொட்டியின் உலோகக் கலவையே விரிசலுக்குக் காரணம் என்று கண்டறிந்து, வேறு அலுமினியக் கலவையில் செய்த தொட்டியோடு புதிய இரண்டாம் நிலையைப் பொருத்தினார்கள். 2014 ஜனவரி 5 அன்று அந்த ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தது. இந்தியாவிலேயே உருவான கிரையோஜெனிக் இன்ஜினின் முதல் வெற்றியும் அதுவே.

சந்திரயான்-2 கதை பலருக்கும் நினைவிருக்கும். 2019 ஜூலை 15 அதிகாலையில், புறப்பட 56 நிமிடங்கள் 24 விநாடிகள் இருந்தபோது கடிகாரம் நிறுத்தப்பட்டது. ஒரே வாரத்தில், ஜூலை 22 அன்று, அது கிளம்பியது. 2023 அக்டோபர் 21 அன்று, ககன்யான் வீரர்களை ஆபத்து நேரத்தில் ராக்கெட்டிலிருந்து பிரித்துக் காக்கும் அமைப்பைப் பறக்கும் நிலையில் சோதிக்கும் முதல் முயற்சி. அந்தச் சோதனை ராக்கெட்டுக்கும் அதுவே முதல் பறப்பு. வானிலையால் தாமதமாகி, கடைசியில் 5 விநாடிகள் மட்டுமே இருந்தபோது கணினி நிறுத்திவிட்டது. காரணத்தைக் கண்டு சரிசெய்து, காலை 10 மணிக்கு ஏவினார்கள். வீரர்கள் அமரும் கலத்தின் மாதிரி பாராசூட்டுகளில் வங்கக் கடலில் இறங்கியது. கடற்படை அதை மீட்டு வந்தது.

தரையில் தன்னைக் காட்டிக்கொள்ளாத குறை என்ன செய்யும் என்பதற்கு 2021 ஆகஸ்ட் 12 சான்று. அன்று ஜி.எஸ்.எல்.வி.-எஃப்10 சரியாகவே எழுந்தது. ஆனால் மேல் நிலையின் ஹைட்ரஜன் தொட்டியில் இருந்த ஒரு வால்வின் அடைப்பு சேதமடைந்து வாயு கசிந்ததால், தொட்டியில் தேவையான அழுத்தம் இல்லாமல் போனது. இன்ஜின் இயங்கவில்லை, செயற்கைக்கோளோடு ராக்கெட்டும் வீணானது. ஓர் அடைப்பின் விலை அது.

இந்தச் சிறிய உறுப்புகளின் பெரிய விலையைப் பற்றி நான் வகுப்பில் ஆண்டுதோறும் பாடம் நடத்தியிருக்கிறேன் என்று சொன்னால் வாசகர்கள் வியக்கக்கூடும். பொருளியலில் ‘ஓ-வளையக் கோட்பாடு’ என்றே ஒன்று உண்டு. பின்னாளில், 2019-இல், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோரோடு நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரெமர் 1993-இல் முன்வைத்தது அது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் எழுந்த 73 விநாடிகளில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள் அல்லவா? அதற்குக் காரணமான ரப்பர் வளையத்தின் பெயரையே அவர் தம் கோட்பாட்டுக்குச் சூட்டினார்.

கோட்பாட்டின் சாரம் எளிது. சில உற்பத்திகளில் பகுதிகளின் தரம் ஒன்றோடொன்று கூடுவதில்லை, பெருகுகிறது. நூறு வேலைகள் அனைத்தும் சரியாக நடந்தால்தான் பொருள் பயன்படும் என்று கொள்வோம். ஒவ்வொரு வேலையும் 99 விழுக்காடு நம்பகமானது என்றால், முழுமையும் வெற்றி பெறும் வாய்ப்பு 99 அன்று. வெறும் 37 விழுக்காடுதான். ஒவ்வொன்றையும் 99.9 விழுக்காட்டுக்கு உயர்த்தினால் அது 90-ஐத் தாண்டுகிறது. தொண்ணூற்றொன்பது வேலைகளை எவ்வளவு சிறப்பாகச் செய்தாலும், பாழான ஒன்றை அவை ஈடுசெய்யா. ராக்கெட் அப்படிப்பட்டது. மலைப்பாதையில் இறங்கும் பேருந்தும் அப்படிப்பட்டதே.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் ‘நிறுத்து’ என்று சொல்வது ஏன் கடினமாக இருக்கிறது? தாமதத்தின் செலவு கண்ணுக்குத் தெரிகிறது. தவிர்க்கப்பட்ட விபத்தின் ஆதாயம் தெரிவதில்லை. ராக்கெட் ஒரு வாரம் தள்ளிப்போனால் அது தலைப்புச் செய்தி. வெடிக்காமல் போன ராக்கெட்டைப் பற்றி யாரும் செய்தி எழுதுவதில்லை. தாமதத்துக்குப் பொறுப்பானவரின் பெயர் பதிவேட்டில் ஏறும். அவரால் உயிர் பிழைத்தவர்களுக்கோ தாம் பிழைத்ததே தெரியாது. இதோடு, இதுவரை செலவழித்துவிட்டோமே என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. போன பணம் திரும்பாது என்பதால் அதை இன்றைய முடிவில் சேர்க்கக் கூடாது என்று முதலாண்டு மாணவருக்கே கற்பிக்கிறோம். ஆயினும் தேதி குறித்து, விருந்தினரை அழைத்து, நேரலை தொடங்கிய பிறகு, அந்தப் பாடம் எல்லாருக்கும் மறந்துபோகிறது.

சேலஞ்சரில் நடந்தது அதுதான். பூஸ்டரைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் முதல் நாள் இரவே எச்சரித்தார்கள். கடுங்குளிரில் வளையம் விறைத்து அடைக்காமல் போகலாம் என்றார்கள். ஏற்கெனவே பலமுறை தள்ளிப்போன பயணம் அது. ‘பறப்பது பாதுகாப்பானது என்று மெய்ப்பியுங்கள்’ என்று கேட்டிருக்க வேண்டிய இடத்தில், ‘பாதுகாப்பற்றது என்று மெய்ப்பியுங்கள்’ என்று அந்தப் பொறியாளர்களிடம் கேட்கப்பட்டது. மெய்ப்பிக்கும் சுமை இடம் மாறியதும், முடிவும் மாறிவிட்டது. நிறுவனத்தின் மேலாளர்களே தம் பொறியாளர்களின் சொல்லை மீறி ஒப்புதல் அளித்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்தச் சறுக்கல் முற்றிலும் மறைந்துவிடவில்லை. போயிங்கின் ஸ்டார்லைனர் விண்கலம் முதன்முறையாக மனிதர்களோடு 2024 ஜூன் 5 அன்று புறப்பட்டபோது, அதில் சிறிய ஹீலியம் கசிவு இருப்பது முன்பே தெரியும். ஆராய்ந்து பார்த்து, சமாளிக்கத்தக்கது என்றே முடிவு செய்தார்கள். வழியில் மேலும் கசிவுகள் தோன்றின. சில உந்துகருவிகள் செயலிழந்தன. விண்கலம் ஆளில்லாமல் திரும்பியது. எட்டு நாள் பயணமாகச் சென்ற சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் ஒன்பது மாதங்கள் கழித்து, 2025 மார்ச்சில், வேறொரு விண்கலத்தில் வீடு திரும்பினார்கள். எல்லாச் சிறிய கசிவும் ஆபத்தானது என்பதல்ல இதன் பொருள். புதிய கலத்தில் ‘சிறியது’ என்ற சொல்லுக்கு நம்மிடம் போதிய அனுபவ ஆதாரம் இருப்பதில்லை என்பதே பொருள்.

அப்படியானால் ‘நிறுத்து’ என்று சொல்ல என்ன தேவை? இரண்டு தேவைகள் என்று கருதுகிறேன். ஒன்று அறிவு, மற்றொன்று அதிகாரம்.

ஆக்ஸியம்-4 பயணத்துக்காக இந்தியா ஏறத்தாழ ரூ.550 கோடி செலவிட்டதாகச் செய்திகள் வந்தன. அந்தப் பணம் ஓர் இருக்கையைத்தான் வாங்கும். ராக்கெட் குழாயைப் பற்றிக் கேள்வி கேட்கும் தகுதியை வாங்காது. அந்தத் தகுதி வேறு வழியில் வந்தது. கிரையோஜெனிக் தொழில்நுட்பத்துக்காக 1991-இல் ரஷ்யத் தரப்போடு செய்துகொண்ட ஒப்பந்தம் அமெரிக்காவின் நெருக்குதலால் முறிந்து, ஏழு ஆயத்த நிலைகள் மட்டுமே நமக்குக் கிடைத்தன. அதன் பிறகு இருபது ஆண்டுகள் தோற்றும் தவறியும் நம்மவர்களே கற்றுக்கொண்டார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்த நாராயணன் அந்தத் துறையிலேயே வளர்ந்தவர், எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் கிரையோஜெனிக் நிலைக்குத் திட்ட இயக்குநராக இருந்தவர். ஆக்சிஜன் குழாய்க் கசிவு எதைக் குறிக்கும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தற்சார்பு என்றால் எல்லாவற்றையும் நாமே செய்வது என்று பொதுவாக நினைக்கிறோம். பிறர் செய்ததை விலை கொடுத்து வாங்கும்போதும், ‘இது சரியில்லை’ என்று சொல்லத் தெரிவதும் தற்சார்பின் பயன்தான்.

அதிகாரம் இன்னும் அரிது. அந்த மேசையில் இந்தியாவின் சார்பில் அமர்ந்திருந்தவர் ஒரு நிறுவனத்தின் தலைவர். அவர் சொல்லுக்கு எடை இருந்தது. எல்லா இடத்திலும் குறையை முதலில் காண்பவர் தலைவராக இருப்பதில்லை. எங்கள் மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. வெட்டிய கரும்பு காத்திருந்தால் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். எனவே அரவைப் பருவத்தில் எந்தச் சர்க்கரை ஆலைக்கும் ஒரு நாள் நிறுத்தமும் விவசாயிக்கு இழப்பு. அந்த நெருக்கடியில், கொதிகலனில் ஏதோ மாறுபட்ட ஓசை கேட்கிறது என்று சொல்ல வேண்டியவர் ஒரு சாதாரணத் தொழிலாளி. அவர் சொன்னால் கேட்பார்களா என்பதைவிட, சொன்ன பிறகு அவருக்குக் கெடுதல் வருமா என்பதே அவர் வாய் திறப்பதைத் தீர்மானிக்கிறது.

ககன்யான் திட்டத்தில் நாம் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுவே. மனிதரை ஏற்றிச் செல்லும் பயணம் முதலில் 2022-க்கு, 75-ஆவது சுதந்திர ஆண்டுக்கு, என்று குறிக்கப்பட்டது. இப்போது 2027 என்கிறார்கள். திட்டத்தின் மதிப்பீடு ரூ.20,193 கோடியாக உயர்ந்திருக்கிறது. சுக்லா உள்ளிட்ட நான்கு வீரர்கள் 2024 பிப்ரவரியில் நாட்டுக்கு அறிமுகப்படுத்தப்பட்டார்கள். காத்திருப்பு நீள நீள, ‘இன்னும் எத்தனை நாள்?’ என்ற கேள்வி அரசியல் மேடையிலும் செய்தி அரங்கிலும் உரக்க ஒலிக்கும். கேள்வி கேட்பது மக்களின் உரிமை. பொதுப் பணத்துக்குக் கணக்கு கேட்கத்தான் வேண்டும். ஆனால் தாமதத்துக்கு என்ன காரணம், என்ன குறை கண்டீர்கள், எப்படிச் சரிசெய்தீர்கள் என்று கேட்பது ஒன்று; விழா நாளுக்குள் முடியாதா என்று கேட்பது வேறு. முதல் கேள்வி பொறியாளருக்குத் துணை நிற்கிறது. இரண்டாவது கேள்வி அவர் வாயை அடைக்கிறது.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் பழமொழி. ஆனால் பதறாமல் இருப்பது தனிமனிதக் குணம் மட்டும் அன்று. குறையைச் சொன்னவரைத் தண்டிக்காத விதி, மெய்ப்பிக்கும் சுமையை இடம் மாற்றாத நடைமுறை, ஒத்திவைப்பைத் தோல்வியாகப் பார்க்காத பொதுமக்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு நிறுவனம் பதறாமல் இருக்க முடியும். முதலிரண்டும் அரசின் கையில். மூன்றாவது நம் கையில்.

அன்று கச்சிராயபாளையத்தில் மெக்கானிக் வந்து, வெடிப்புவிட்ட ரப்பர் குழாயை மாற்றிப் பொருத்த ஒன்றரை மணி நேரம் ஆனது. நான் போய்ச் சேர்ந்தபோது விழாப் பந்தி முடியும் தறுவாயில் இருந்தது. வெள்ளிமலையில் இறங்கும்போதும் அந்தப் பெரியவர் ஓட்டுநரைக் கடிந்துகொண்டேதான் இறங்கினார். மாலையில் அதே பேருந்தில் கீழே வந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் ஒவ்வொரு முறையும் பிடித்தது. பயணிகளில் பலர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இறங்கும்போது ஓட்டுநரிடம் நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன், நிறுத்தத்தில் கூட்டம் நெருக்கியடித்தது, சொல்லாமலே இறங்கிவிட்டேன்.